சிறகைச் சீர்செய்தல்

பறவையைக் கண்டு தானும் பறக்க விழைதல் மனிதற்கு இயல்பே. ஆயின், பறவை தன் சிறகைத் தானே கோதிக்கொள்கின்றது. இறகு உதிரின் வேறிறகு முளைக்கின்றது. மனிதன் கட்டிய சிறகிற்கோ அப்பேறு இல்லை. கட்டியவனே அதனைக் காத்தலும் வேண்டும். ஹேங் கிளைடர் எனப்படும் தொங்குசிறகில் மிதப்போர்க்கு இக்காவலே தலையாய தொழில் என்பதை நாம் நூல்களிற் கற்றோம். மீஞ்சூரை அடுத்த ஏரிக்கரையொன்றில் நேரிற் கண்டோம்.

இத்துறையின் முன்னோடி ஜெர்மானியராகிய ஓட்டோ லிலியந்தால் என்பார். வில்லோ மரக் கொம்புகளின்மேற் பருத்தித்துணி போர்த்துச் சிறகு செய்து, 1891 முதல் 1896 வரை குன்றுகளினின்று ஏறத்தாழ 2,000 முறை மிதந்தார். உடலை இப்பாலும் அப்பாலும் அசைத்தே சிறகைச் சமன்செய்தார். 1896 ஆகஸ்ட் 9ஆம் நாள் கீழே விழுந்து, மறுநாள் உயிர் நீத்தார்.

அவர் முடிவை உணர்ந்த அமெரிக்க நாட்டு ரைட் உடன்பிறந்தார் வேறொரு முறையைக் கைக்கொண்டனர். 1900இல் தம் சிறகைப் பெரும்பாலும் ஆளின்றிக் காற்றாடிபோற் கயிற்றிற் கட்டிப் பறக்கவிட்டு ஆராய்ந்தனர். 1901இல் சிறகின் வளைவு மிக்கிருத்தலால் அஃது அடங்காமை கண்டு, களத்திலேயே வளைவைக் குறைத்தனர். 1902இல் பக்கக்காற்றுத் தாக்கித் தொல்லை விளைக்கவே, சிறகின் நுனிகள் நடுவினும் சற்றே தாழுமாறு கம்பிகளை மாற்றி இறுக்கினர். பறத்தலும் திருத்தலும் அவர்க்கு ஒரே தொழிலாயின.

இவ்வரலாறு சென்ற கோடை விடுமுறையில் நமக்குப் பயன்பட்டது. நம் தம்பியும் அவன் தோழர் இருவரும் மூங்கிலும் பழைய வேட்டிகளும் கொண்டு பதினைந்தடி அகலச் சிறகொன்று கட்டினர். பிற்பகலில் எண்ணூர்ப் பக்கத்துக் கடற்காற்று எழும்போது, நீர் வற்றிய ஏரியின் கரையினின்று குதிப்பதென்பது அவர் துணிபு. அன்னையார் அழுது தடுத்தும் தம்பி கேட்டிலன். "பயப்படாதே அக்கா, கரை இரண்டாள் உயரந்தானே!" என்றான். இரண்டாள் உயரம் கழுத்தை முறித்தற்குப் போதும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், வெறுந் தடை அவன் செவியில் ஏறாதென்று கருதி, "முதலில் மணல்மூட்டை பறக்கட்டும், பிறகு உன் முறை வரட்டும்" என்றோம்.

மூன்று கிலோ மணலைக் கட்டிச் சிறகைக் காற்றிலே தூக்கிவிட்டனர். எழுந்தது; இடப்பக்கம் சாய்ந்தது; தலைகீழாய் விழுந்தது. மூன்று முறையும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாம் முறை மூட்டை கிழிந்து மணல் சிதறியது. தம்பி வாய்திறவாது அதனையே நோக்கி நின்றான். இருபுறத்து நீளமும் துணியும் ஒத்தே இருந்தன. பின்னர் நடுவைத் தாங்கி, நுனிதோறும் ஒவ்வொரு செங்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். வலப்புறம் இரண்டு விரலளவு வளைய, இடப்புறம் நான்கு விரலளவு வளைந்தது. அது முற்றாத இளமூங்கில்! அதனை நீக்கி, முற்றிய கழியை வைத்துச் சூத்திரக் கயிற்றையும் அளந்து கட்டிய பின்னரே சிறகு நேர்நின்றது. அப்போதும் காற்றுத் தணிந்தவுடன் மூட்டை மண்ணைத் தொட்டது. "இது மணலையே தாங்கவில்லையே, என்னை எங்கே தாங்கும்!" என்று தம்பி தானே கூறிக் கயிற்றைச் சுருட்டினான்.

இக்காலத்து உறுதிச்சிறகுகள் மூங்கிலால் ஆனவை அல்ல. கரியிழையாற் செய்த சட்டகம் உடையவை. அவற்றுட் பலவற்றில், சிறகின் மேற்புறத்துள்ள சிறு தடுப்புப் பலகைகளுள் ஒன்றைக் கயிற்றால் எழுப்பி அப்பக்கமாகத் திரும்புவர். இருபுறக் கயிறுகளும் ஒத்து இறுகாவிடின் சிறகு நேரே செல்லாது. எங்கேனும் மோதுண்ட கரியிழையின் உட்பிளவு கண்ணுக்குப் புலனாகாமலும் இருக்கும். ஆதலின், பானை வாங்கும் நம் பாட்டியர்போல் அதனைத் தட்டி, ஒலி கேட்டும் ஆராய்வர். ஆணி, கயிறு, தையல் ஆகிய யாவற்றையும் பார்த்து, தம்மைச் சிறகோடு பிணைத்த வாரினைத் தொங்கிச் சோதித்த பின்னரே அடியெடுத்து வைப்பர்.

துணிவுடையார் பலர் உளர். துணியுமுன் இருபுறமும் ஒப்ப அளந்து பார்க்கும் பொறுமை சிலர்க்கே வாய்க்கின்றது. வானத்தில் நெடுநாள் உலவுவோர் அச்சிலரே.