எதிர்க்காற்று

மிதிவண்டியில் செல்பவருக்கு மேடு பெரும்பகை அன்று. மேட்டுக்கு ஓர் உச்சி உண்டு. உச்சிக்கு அப்பால் இறக்கமும் உண்டு. ஏறும்போது சிந்திய வியர்வைக்கு இறங்கும்போது கூலி கிடைத்துவிடுகிறது. எதிர்க்காற்றோ அவ்வாறானதன்று. அதற்கு உச்சியும் இல்லை, இறக்கமும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சுவரொன்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டே போகவேண்டும்.

1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வுண்மையை உடம்பால் கற்றுக்கொண்டவர் ஓர் இளம் ஆசிரியர். கெடா மாநிலத்தில், யான் வட்டாரத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் அவருடைய வீடு இருந்தது. பயிற்சி முடித்ததும் அவருக்குக் கிடைத்த பணியிடம், கிழக்கே குவார் செம்பெடாக்கைக் கடந்து, குருண் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. இடைத்தொலைவு 14 கட்டை. இன்றைய அளவில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். தோட்டத்தில் தங்குவதற்கு வீடு இல்லை; பள்ளி தொடங்கும் நேரத்திற்கு முன் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பேருந்தும் இல்லை. தந்தையார் விட்டுச்சென்ற பழைய ராலே மிதிவண்டி ஒன்றுதான் இருந்தது. வேகத்தை மாற்றும் வசதி அற்றது. 20 கிலோகிராம் அளவுக்குக் கனமானது. நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கவேண்டியது. காற்றுக்கு மார்பைத் திறந்து காட்டும் வண்டி அது.

அது வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். கிழக்குக் கரைக்கு மழையையும் வெள்ளத்தையும் கொண்டுவரும் அக்காற்று, நடுமலைத்தொடரைக் கடந்து மேற்கே வரும்போது ஈரத்தை இழந்து வறண்டுவிடுகிறது. கெடாவின் வயல்வெளிகளில் தடுப்பார் இன்றி வீசும் அதனை அங்குள்ள மலாய்க்காரர்கள் ‘அங்ஙின் தீமோர்’, அதாவது கீழைக்காற்று, என்பார்கள். அறுவடை முடிந்த வயலில் பட்டம் விடும் சிறுவர்களுக்கு அது திருவிழாக் காற்று. கிழக்கு நோக்கி மிதிக்கும் ஆசிரியருக்கோ அது நாள்தோறும் எதிர்ப்பட்ட சோதனை.

காலையில் எதிர்த்த காற்று மாலையில் முதுகைத் தள்ளிவிடும் என்று அவர் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையும் பல நாள் பொய்த்தது. வெயில் ஏற ஏற, நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின்மேல் உள்ள காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே நுழைகிறது. பள்ளி முடிந்து அவர் மேற்கே திரும்பும் வேளைதான் கடற்காற்று வலுப்பெறும் வேளை. போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று! வயல்வெளி கடந்தால் இரப்பர்த் தோட்டம் காற்றைத் தடுக்கும் என்று எண்ணினால், அதே பருவத்தில்தான் பால்மரங்களும் இலையுதிர்த்து எலும்புக்கூடாக நின்றன.

இளமையின் இயல்பு காற்றோடு மல்லுக்கு நிற்பது. காற்றில்லா நாளில் ஒன்றரை மணி நேரத்தில் கடந்த வழியை அதே ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிட அவர் முயன்றார். கணக்கு அவருக்கு எதிராக இருந்தது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை அதே வேகத்தில் காற்று எதிர்த்தால், அவர்மேல் மோதும் காற்றின் வேகம் 30 ஆகிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்ல நான்கு மடங்கு உழைக்கவேண்டும். அவ்வளவு வலிமை அவருடைய கால்களில் இல்லை.

முதல் வாரத்திலேயே உடம்பு முறையிடத் தொடங்கியது. பழக்கமற்ற உழைப்பின் வலி அன்றே முழுதாகத் தெரிவதில்லை. ஒரு நாள் கழிந்து, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்தை அடைகிறது. திங்களன்று பட்ட பாடு புதனன்று தொடையில் பேசியது. இருக்கை தாழ்வாக இருந்ததால் முழங்கால் நொந்தது. வியர்வையும் உராய்வும் சேர்ந்து, உட்காரும் இடத்தில் தோல் புண்ணாகியது. வகுப்பில் நாற்காலி இருந்தும் அவர் நின்றுகொண்டே பாடம் நடத்தினார். பிள்ளைகள் அதனைச் சுறுசுறுப்பு என்று எண்ணினர்.

வலியால் அவர் மனமும் கடுமையாயிற்று. காலந்தவறி வருபவன் அரைமணி நேரம் வாசலில் நிற்கவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. 14 கட்டைக்கு அப்பாலிருந்து நேரத்தோடு வரும் ஆசிரியர், தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் மாணவனிடம் அதை எதிர்பார்ப்பது தவறாகுமா? நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வாரத்தில் மூன்று நாளாவது வாசலில் நின்றான். காரணம் கேட்டால் தலை குனிவான். அந்த மௌனத்தை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு புதன்கிழமை. காற்று மிதிவண்டியைச் சாலையின் ஓரத்துக்கே தள்ளியது. இருக்கையில் உட்காரவும் இயலவில்லை. நின்று மிதிக்கத் தொடையிலும் வலுவில்லை. இறுதி மூன்று கட்டைத் தொலைவை அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பள்ளியை அடைந்தபோது மணி 8.10. தலைமையாசிரியர் அன்று அலுவலாக வெளியூர் சென்றிருந்தார். இரண்டே ஆசிரியர் பணியாற்றிய பள்ளியில் அந்த 40 நிமிடமும் ஆசிரியரே இல்லை.

பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. மூத்த மாணவி ஒருத்தி வாய்பாடு சொல்ல, மற்றவர்கள் உடன்சொல்லிக்கொண்டிருந்தனர். அந்த நான்காம் ஆண்டு மாணவன் மட்டும் வழக்கம்போல வாசலில் நின்றான். நிற்கச் சொல்ல அங்கு யாரும் இல்லை. காலந்தவறி வந்ததனால் விதிப்படி தானே நின்றுகொண்டிருந்தான்.

ஆசிரியருக்கு உள்ளே செல்லக் கால் எழவில்லை. அவரும் வாசலிலேயே நின்றார். சிறுவன் அவர் நிற்கும் நிலையைச் சற்று நேரம் பார்த்தான்.

“ஐயாவுக்கும் இடுப்பு வலிக்குதாய்யா?”

“ஆமாம். உனக்கு ஏன் வலி?”

“ஒட்டுப்பால் சாக்கு தூக்கினேய்யா. அம்மாவுக்கு முடியல.”

செய்தி மெல்ல மெல்ல வெளிவந்தது. தாய் நோயுற்றிருந்தாள்; ஆயினும் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. விடியுமுன் மகனும் உடன் சென்று, அவள் மரம் வெட்டுவதற்கு முன்னால் ஒட்டுப்பால் இழுத்து, மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டு, வெட்டுக்காட்டிலிருந்து இரண்டு கட்டை நடந்து பள்ளிக்கு வந்தான். அவன் ஒவ்வொரு காலையும் ஓர் எதிர்க்காற்றைக் கடந்தே வந்துகொண்டிருந்தான். அது மற்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று இருவரும் ஒன்றாகவே வகுப்புக்குள் நுழைந்தனர். வாசலில் நிற்கும் விதி அன்றோடு நீங்கியது. காலந்தவறி வருபவர்களுக்கு ஓய்வு வேளையில் அன்றைய முதற்பாடத்தை மீண்டும் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அதனிடத்தில் வந்தது.

மிதிவண்டியையும் அவர் புதிதாகக் கற்றுக்கொண்டார். குவார் செம்பெடாக்கில் மிதிவண்டி பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர், மிதி கீழே போகும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் அளவுக்கு இருக்கையை உயர்த்தினார். “பெலான்-பெலான்” என்று சொல்லி அனுப்பினார். மெல்ல மெல்ல என்பது அதன் பொருள். ஆசிரியர் அரைமணி முன்னதாகப் புறப்பட்டார். முழங்கையை மடக்கி, உடலைத் தாழ்த்தினார். தடையின் பெரும்பகுதி ஓட்டுபவரின் உடலால் வருவதே. உலர்ந்த மாற்றுடையைப் பையில் வைத்துக்கொண்டார். காற்று வலுத்த நாளில் காற்றில்லா நாளின் வேகத்தைத் தம்மிடம் கேட்காமல் விட்டார். புண் ஆறியது.

நெதர்லாந்து நாட்டில் எதிர்க்காற்று மிதிவண்டிப் போட்டியொன்று 2013ஆம் ஆண்டில் தொடங்கியது. கடலைத் தடுக்கும் ஓஸ்டர்ஷெல்டே அணையின்மேல், வேகமாற்றி இல்லாத வண்டியில், புயற்காற்றை எதிர்த்து 8.5 கிலோமீட்டர் மிதிப்பார்கள். அங்கே அனைவருக்கும் ஒரே வகை வண்டி. எல்லார்க்கும் காற்று எதிரே. ஆதலின் முந்தியவரைப் பாராட்டுவது முறையாகிறது. வகுப்பறையோ அத்தகைய அணை அன்று. ஒருவனுக்குக் காற்று முதுகில் வீசும்; அடுத்த இருக்கையில் அமர்ந்தவனுக்கு முகத்தில் வீசும். இருவரையும் ஒரே கடிகாரத்தால் அளப்பவர் காற்றை மறந்துவிட்டு வேகத்தை மட்டும் அளக்கிறார்.

மார்ச் மாதம் பிறந்தது. கீழைக்காற்று தணிந்தது, பால்மரங்கள் செந்தளிர் விட்டன. சிறுவனின் தாய் உடல் தேறினாள். அவன் நேரத்தோடு வரும் நாள்கள் கூடின. எல்லா நாளும் அல்ல. பின்னாளில் ஆசிரியருக்கு ஹோண்டா வண்டி வாய்த்தது. காற்று அவரை அதன்பின் வருத்தவில்லை. ஆயினும், பின்தங்கிய மாணவனை அவன் சோம்பேறி என்று யாரேனும் சொன்னால், அவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருந்தது: “அவன் எந்தத் திசையிலிருந்து வருகிறான்?”