நெடுந்தீவுக் குதிரைகளும் ஒரு வாளி நீரும்

கோடை விடுமுறை என்றதும் குளிர்ந்த மலைநாட்டை நாடுவோரே நம்மவருள் மிகுதி. சென்ற ஆண்டு நாங்களிருவரும் அவ்வழக்கத்தை விடுத்து, நம் குடாநாட்டின் கரைகளையே சுற்றிவரத் துணிந்தோம். பிறந்த மண்ணிற் காணாத இடங்கள் எத்தனையோ இருக்க, பிற இடங்களைத் தேடி ஓடுவது எங்களுக்கு வெட்கமாயிருந்தது.

வைகாசியில் ஒருநாள் விடியற்பொழுது மணற்காட்டு மணற்குன்றுகளில் ஏறினோம். மணலிற் பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் அருகே, இரவில் நண்டுகள் இட்ட கோலங்களைக் கண்டோம். ஆனியிற் குடாநாட்டின் தென்கிழக்கே சுண்டிக்குளத்துக்குச் சென்றோம். 1938 இற் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவாக உயர்ந்த இடம் அது. மாரியில் வரும் பூநாரைகளை அப்பொழுது காணவில்லை. களப்பின் ஓரமெங்கும் உப்புப் பூத்திருந்தது. எஞ்சிய சிறு நீர்ப்பரப்பைச் சூழ்ந்து கூழைக்கடாக்களும் நாரைகளும் நெருங்கி நின்றன. கோடையில் உயிர்களைக் காண விரும்புவோர் நீரைத் தேடினாற் போதும் என்று அன்று அறிந்தோம்.

அப்பாடத்தை நிறைவு செய்தது நெடுந்தீவு. ஆடி மாதத்துச் சோழகக் காற்றிற் கடல் பொங்கிற்று. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம் படகு எங்களை ஆட்டி வைத்தது. கரையேறி, முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகளினூடே நடந்தோம். பருத்த பெருக்குமரத்தின் பொந்தினுள் சிறிது இளைப்பாறி, தெற்கேயுள்ள புல்வெளியை அடைந்தோம்.

அங்கே குதிரைகளைக் கண்டோம்! போர்த்துக்கேயர் கொணர்ந்து, ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. தம் நாட்டு டெல்ஃப்ட் நகரின் பெயரை இத்தீவுக்குச் சூட்டிய ஒல்லாந்தர் போய்விட்டனர்; குதிரைகளோ காட்டுயிர்களாய் இங்கேயே தங்கிவிட்டன. ஆனால் நாங்கள் எண்ணி வந்த துள்ளலோட்டம் அங்கில்லை. வெடித்த குளத்தருகே விலாவெலும்பு தெரிய ஒரு தாய்க்குதிரை நின்றது. அதன் காலடியிற் குட்டி படுத்திருந்தது. எங்கள் கையிலோ அரைப் போத்தல் நீரே எஞ்சியிருந்தது.

சற்றுத் தொலைவில் ஒரு முதியவர் கிணற்றிலிருந்து அள்ளித் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். "அதுகள் வாய்திறந்து கேளாதுகள், பிள்ளையள். நாங்கள்தான் பார்த்து ஊத்த வேணும்" என்றார். நாங்களும் மாறி மாறி அள்ளினோம். இருபதாவது வாளிக்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. "மெல்ல அள்ளுங்கோ. மிஞ்சி இறைச்சால் உவர் ஏறிவிடும்" என்று அவர் எச்சரித்தார். ஆறில்லாத இம்மண்ணிலே, பாறையினூடே இறங்கும் மாரிநீர் கனத்த கடல்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதந்து நிற்கிறது. அதுவே மனிதருக்கும் குதிரைக்கும் பொதுவான சொத்து.

நாங்கள் விலகி நின்ற பின்னரே தாய்க்குதிரை வந்து குடித்தது. குட்டி எழுந்தது, நாலடி வைத்து நின்றது. அதற்குள் கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்தவாறே துறைக்கு நடந்தோம். அது தொட்டியை அடைந்ததா என்பதை நாங்கள் காணவில்லை.

ஐப்பசியில் எங்கள் முற்றத்தில் முதல் மழை விழுந்த இரவு, இருவருக்கும் உறக்கம் வரவில்லை. "அங்கும் பெய்யுமல்லவா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். விடுமுறைக்கு நெடுந்தீவு செல்லும் அன்பர்களே, குதிரைகளைப் படமெடுத்தபின் ஒரு வாளி நீரும் அள்ளி ஊற்றி வாருங்கள்.