“வண்டி திண்டிவனம் தாண்டிருச்சு”

மே 27, செவ்வாய்

சாமான் ஏற்றி முடிந்தது. இன்று ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே இன்னொரு வீடும் காலியானது. ஆடியில் யாரும் குடி மாறமாட்டார்கள். ஜூன் 2 பள்ளி திறப்பு. என்னைப் போன்ற வங்கி ஊழியர்களுக்கு மாற்றல் ஆணை வருவதும் இந்தச் சமயத்தில்தான். எல்லாரும் வைகாசியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு கிளம்புகிறோம். இது ஷிஃப்டிங் கம்பெனிகளுக்கு வருடா வருடம் தெரிந்த கதை. இருந்தும், கையில் வண்டி இருக்கிறதா என்று பார்க்காமலே ஆர்டர் எடுத்துவிடுகிறார்கள்.

கட்டுவதற்கு வந்த பையன்களைக் குறை சொல்லமாட்டேன். பீரோக் கண்ணாடிக்குப் போர்வை சுற்றி, அதன்மேல் அட்டை வைத்து, அம்மாவின் ஆட்டுக்கல்லைச் சாக்கில் கிடத்தி மூன்று மாடி இறக்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட சூப்பர்வைசர் அவர்களை விடவில்லை; அடுத்த வீடு காத்திருக்கிறதாம்.

எல்.ஆர். கேட்டேன். “வாட்ஸ்அப்புல வந்துரும் மேடம்” என்றார். சாமான் பட்டியலை நானே எழுதி, பெட்டிகளுக்கு எண் போட்டு, அதில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். லாரி ரசீது என்பது வெறும் துண்டுச்சீட்டு அல்ல. சரக்கு யார் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அதை நம்பி வியாபாரிகளுக்கு வங்கி பணமே கொடுக்கிறது.

மே 29, வியாழன், பாளையங்கோட்டை

காலையில் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டதற்கு, “வண்டி திண்டிவனம் தாண்டிருச்சு மேடம்.” சாயங்காலம் கேட்டதற்கும் அதே திண்டிவனம். சென்னையில் ராத்திரி கிளம்புகிற லாரி மறுநாள் மதுரையைத் தாண்டி இங்கே வந்து நிற்க வேண்டும். வண்டி நம்பர் கேட்டால் “டிரைவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று போனை வைத்துவிடுகிறார்.

அம்மா தரையில் படுத்திருக்கிறாள். மூட்டுவலிக்காரி, உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சி பாயும் இரண்டு தலையணையும் கொண்டுவந்து, “சாமான் வந்துரும்லா தாயி, அதுவரைக்கும் சட்டி பானை எது வேணும்னாலும் எங்கிட்ட கேளு” என்றார். முன்பின் தெரியாதவர் இவ்வளவு செய்கிறார். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டவர்கள் ஒரு உண்மையைச் சொல்ல மறுக்கிறார்கள்.

மே 31, சனி

இன்று வேறொருவர் போனை எடுத்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் போலிருக்கிறது, மறைக்கத் தெரியவில்லை. எங்கள் சாமான் சென்னையை விட்டே கிளம்பவில்லை. மாதவரம் பக்கம் ஒரு குடோனில் இறக்கி வைத்திருக்கிறார்களாம். தென்மாவட்டத்துக்குப் போகிற இன்னொரு வீட்டுச் சாமானும் சேர்ந்தால்தான் வண்டி எடுப்பார்களாம். எங்களுக்கு எழுதிக் கொடுத்தது தனி வண்டி. நடந்திருப்பது பார்ட் லோடு.

தாமதத்தை நான் பொறுத்துக்கொள்வேன். மழை, டயர், செக்போஸ்ட் என்று சாலையில் எதுவும் நடக்கலாம். “நாலு நாள் ஆகும்” என்று சொல்லியிருந்தால் அம்மாவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பேன், மகளின் பள்ளிப் பையையும் சீருடையையும் கையோடு எடுத்து வந்திருப்பேன். பொய் சொன்னதால் அந்த வழிகள் எல்லாம் அடைபட்டன. எனக்குக் கோபம் அங்கேதான்.

அவர்கள் கார்டில் ‘ஐ.பி.ஏ. அங்கீகாரம்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கம் லாரி நிறுவனங்களைப் பரிந்துரைக்கும் பட்டியல் ஒன்று உண்டு. அது லாரி ரசீதுகளின் பேரில் வங்கிகள் கடன் கொடுப்பதற்காக ஏற்பட்டது. வீட்டுச் சாமானைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பார்கள் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. ரசீதே கொடுக்காதவர்கள் அந்தப் பெயரை அச்சடித்துக்கொண்டு திரிவதை வங்கிக்காரியாகப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

ஜூன் 2, திங்கள்

மகள் புதுப் பள்ளிக்கு முதல் நாளே கலர் டிரஸ்ஸில் போனாள்.

இருட்டிய பிறகு லாரி வந்தது. தார்ப்பாயை அவிழ்க்கும் முன்னே கம்பெனியிலிருந்து போன்: டோல், மாடிக்கு ஏற்றுகூலி, குடோன் வாடகை என்று இன்னும் 6,000 கட்டினால்தான் இறக்குவார்களாம். கொட்டேஷனில் ‘ஏற்றுகூலி, இறக்குகூலி, டோல் உட்பட’ என்று அவர்களே எழுதியதைப் படித்துக் காட்டினேன். “கட்டுங்க, இல்லைன்னா வண்டி திரும்பிரும்.” நம்முடைய சாமானை வைத்து நம்மையே மிரட்டுகிறார்கள். அம்மாவின் கட்டில் வாசலில் நிற்கிறது. யூபிஐயில் குறிப்பெழுதும் இடத்தில் ‘எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டும் தொகை’ என்று போட்டு அனுப்பினேன்.

டிரைவர் நாமக்கல் பக்கத்துக்காரர். நாங்கள் பேசிய கம்பெனியை அவர் பார்த்ததே இல்லை. ஒரு புரோக்கர் மூலம் வந்த லோடு. பாதி வாடகைதான் கைக்கு வந்திருக்கிறது, மீதி இறக்கிய பிறகு. “போற எடமெல்லாம் வசவு எங்களுக்குத்தான் மேடம்” என்றார். அவர் வாடகையைச் சொன்னபோது, நாங்கள் கொடுத்ததில் பெரும்பகுதி இடையிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. போனில் பேசினவர் ஒருவர், கட்டியவர்கள் வேறு, குடோன்காரர் வேறு, ஓட்டியவர் வேறு. ஒவ்வொரு கை மாறும்போதும் பொறுப்பு கொஞ்சம் கழன்றுகொள்கிறது. கடைசியில் வாசலில் அகப்படுவது ஒரு பாவப்பட்ட டிரைவர்.

ஜூன் 7, சனி

பெட்டிகள் பிரித்தாயிற்று. பீரோக் கண்ணாடி விரிந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் குழி. 14, 22 எண் பெட்டிகள் வரவே இல்லை. 22இல் இருந்தவை அப்பாவின் புத்தகங்கள். அவர் பென்சிலில் ஓரக்குறிப்பு எழுதிய பிரதிகள்; எந்தக் கடையிலும் கிடைக்காது.

கம்பெனியில் இன்று சொன்ன பதில்: “நாங்க புக்கிங் மட்டும்தான் மேடம், டிரான்ஸ்போர்ட்காரரைக் கேளுங்க.” 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ‘பொதுச் சரக்கு ஏற்றுநர்’ என்ற சொல்லுக்குள் புக்கிங் கம்பெனி, ஒப்பந்தக்காரர், ஏஜென்ட், புரோக்கர், கூரியர் அத்தனை பேரையும் அது சேர்க்கிறது. பதிவு பெறாமல் இந்தத் தொழிலே செய்யக் கூடாது. சரக்கை வாங்கியதற்கு ரசீது கொடுத்தாக வேண்டும். ஆக, அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

ஒரு சங்கடமும் உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்தி அதிகப் பொறுப்பை எழுதி வாங்கியிருந்தாலொழிய, இழப்பீடு வாடகையைப் போலப் பத்து மடங்கைத் தாண்டாது. ‘இன்ஷூரன்ஸ்’ என்று என்னிடம் தனியாக ஒரு தொகை வாங்கினார்கள். எந்த நிறுவனத்தின் பாலிசி, என்ன எண் என்று இதுவரை பதில் இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து தமிழிலேயே புகாரைப் பதிந்தேன். அது பேசித் தீர்ப்பதற்கான வழி. மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அதனால் திருநெல்வேலியிலேயே முடியும். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் சரக்குச் சட்டத்தின் கீழ் நோட்டீஸை, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பலருடைய வழக்கு இங்கேதான் கெட்டுப்போகும்.

நோட்டீஸை எழுதிவிட்டேன். கையெழுத்திட்ட பட்டியலின் நகல், கொட்டேஷன், கூடுதல் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், கண்ணாடியின் படம் நான்கும் இணைப்பு. கேட்டிருப்பவை: இரண்டு பெட்டிகள், 6,000 ரூபாய், சேதத்துக்கு ஈடு, இன்ஷூரன்ஸ் பாலிசி எண். டிரைவர் தன் நம்பரைத் தந்து, ஆணையத்தில் கூப்பிட்டால் நடந்ததைச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டும்.