பின்பக்கம் 'டக் டக்' சத்தமா? கடைசியாக என்ன மாற்றினீர்கள்?

"சார், எலுமிச்சை இலையெல்லாம் மஞ்சளா இருக்கு. என்ன அடிக்கலாம்?" என்று யார் கேட்டாலும், நான் உடனே மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. "கடைசியா தோட்டத்துல என்ன மாத்தினீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். புதிதாகப் போர் போட்டு அந்தத் தண்ணீரை விட்டிருப்பார்கள். உரத்தை மாற்றியிருப்பார்கள். சொட்டுநீர்க் குழாயை இடம் மாற்றியிருப்பார்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

இந்தக் கேள்வி பயிருக்கு மட்டுமல்ல, வண்டிக்கும் பொருந்தும். விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு போகிற வண்டியும் விவசாயத்தில் ஒரு பங்குதானே!

பாச்சலூர் பக்கம் மலை வாழையும் சௌசௌவும் போட்டிருக்கும் ஒரு விவசாயி, செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் வாங்கி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அவரே லோடு இறக்குகிறார். கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தார் லோடோடு வண்டி அதிகமாகச் சாய்கிறது என்று, டவுனில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பின்பக்க ஸ்டெபிலைசர் பார் செட் வாங்கி மாட்டினார். பழையதைவிடப் பருமனான கம்பி, புது லிங்க், புது புஷ். சாய்வது குறைந்தது. ஆனால், பதினைந்தே நாளில் பின்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார்கள். இரண்டையும் மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. இன்னோர் இடத்தில், ஸ்பிரிங் பட்டை செட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். மண் பரிசோதனை முடிவு வாங்க வந்தவர் என்னிடம் இதைச் சொன்னார்.

"நகையை வெச்சுத்தான் சார் பட்டை மாத்தணும். சத்தத்தைக் கேட்டுட்டு வீட்டுல வண்டியில ஏறவே பயப்படுறாங்க."

"சத்தம் வர்றதுக்கு முன்னாடி கடைசியா என்ன மாத்தினீங்க தம்பி?"

"அந்த பார்தான் சார்."

"அப்ப பட்டையை விடுங்க. முதல்ல அதைப் பார்ப்போம்" என்றேன். வேளாண்மைப் படிப்பில் பண்ணை இயந்திரங்களும் எங்களுக்கு ஒரு பாடம். அதோடு அவர் ஊர் மெக்கானிக் ஒருவரும் சேர்ந்துகொண்டார்.

அந்தக் கம்பி செய்கிற வேலை

ஸ்டெபிலைசர் பார் என்பது 'ப' வடிவில் வளைத்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி. அந்த வண்டியில் அதன் நடுப்பகுதியை ரப்பர் புஷ் வைத்து, கிளாம்ப் போட்டு, பின் ஆக்ஸிலில் பிடித்திருப்பார்கள். இரண்டு முனைகளும் லிங்க் வழியாகச் சேஸிஸோடு சேரும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால், கம்பி புஷ்ஷுக்குள் சுழலும், அவ்வளவுதான். ஒரு சக்கரம் மட்டும் ஏறினாலோ, வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தாலோ கம்பி முறுக்கிக்கொண்டு சாய்வை எதிர்க்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் மடங்குப்படி கூடும். 20 மில்லி மீட்டர் கம்பிக்குப் பதிலாக 22 போட்டால் பருமன் கூடுவது 10 சதவிகிதம்தான். விறைப்போ சுமார் 46 சதவிகிதம் கூடிவிடும். அந்த விசை முழுவதும் புஷ், கிளாம்ப், லிங்க், போல்ட் மேல்தான் விழும். முன்பு சும்மா இருந்த ஒரு சிறு இடைவெளியும் இப்போது சத்தம் போடும்.

நாங்கள் பார்த்தது

லோடு இல்லாத வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிவிட்டு, எதிலும் இடிக்காதபடி கம்பியைக் கட்டி வைத்தோம். களத்துமேட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. கோளாறு பட்டையிலோ ஷாக் அப்சார்பரிலோ இல்லை, இந்தச் செட்டில்தான் என்பது உறுதியானது. இந்தப் பரிசோதனையைச் சாலையிலோ, லோடு ஏற்றியோ செய்யக் கூடாது. கம்பி வேலை செய்யாதபோது வண்டி கூடுதலாகச் சாயும்.

மறுபடி லிங்க்கை மாட்டி, கம்பியில் கிளாம்ப் ஓரங்களிலும், மற்ற பாகங்களுக்கு அருகில் வரும் இடங்களிலும் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினோம். காய்ந்ததும் கொஞ்ச தூரம் மேடு பள்ளத்தில் ஓட்டினோம். எங்கே உரசுகிறதோ அங்கே சுண்ணாம்பு அழிந்திருக்கும்.

இரண்டு இடத்தில் அழிந்திருந்தது. ஒன்று, கிளாம்ப் ஓரம். வெர்னியர் வைத்து அளந்தால், கம்பி 22 மில்லி மீட்டர். செட்டோடு வந்த புஷ்ஷின் துளை 24. அந்த இடைவெளியில் கம்பி ஆடி, 'டக் டக்' என்று அடித்திருக்கிறது. இரண்டாவது இடத்தைப் பார்த்ததும் மெக்கானிக் பேசவே இல்லை. பிடிமானம் இல்லாத கம்பி இடப்பக்கமாக நகர்ந்து, அதன் வளைவு பிரேக் ஹோஸை உரசிக்கொண்டிருந்தது. மேல் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருந்த நூல் தெரிந்தது. புது ஷாக் அப்சார்பரோடும் புதுப் பட்டையோடும் அவர் மலை இறங்கியிருந்தாலும், அந்த ஹோஸ் தேய்ந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

ஹோஸை மாற்றி, பிரேக்கில் காற்று எடுத்து, சரியான அளவு புஷ் போட்டு, கம்பியை நடுவில் நிறுத்திப் பூட்டினார் மெக்கானிக். புஷ்ஷுக்கு ஆன செலவு, ஹோஸுக்கு ஆனதைவிடக் குறைவு. நகை வீட்டிலேயே இருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

சத்தத்தின் வகையைக் கவனியுங்கள். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்றால் லிங்க், கிளாம்ப், புஷ் மேல் சந்தேகம். வேகத்தடையில் இரு சக்கரமும் சேர்ந்து ஏறும்போதும் அதே அளவு சத்தம் என்றால் ஷாக் அப்சார்பர், பட்டை, ஷேக்கிள் பக்கம் பாருங்கள். 'கீச் கீச்' என்றால், பெரும்பாலும் பாலியூரித்தேன் புஷ் காய்ந்திருக்கும். அதற்குச் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். ரப்பர் புஷ்ஷில் கழிவு ஆயிலோ டீசலோ ஊற்றாதீர்கள். ரப்பர் ஊறி, உப்பிக் கெட்டுவிடும்.

வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை அதன் மேல் இருக்கும்போதே முழுதாக இறுக்க வேண்டும். சமதளத்தில் ஒரு பக்க லிங்க் மாட்டியபின், மறுபக்க லிங்க் கையாலேயே போய் உட்கார வேண்டும். கம்பி போட்டு நெம்பினால்தான் உட்காருகிறது என்றால், லிங்க்கின் நீளமோ அளவோ சரியில்லை.

பந்து மூட்டு உள்ள லிங்க்கில், நட்டை இறுக்கும்போது உள் தண்டும் சேர்ந்து சுழலும். தண்டைப் பிடித்துக்கொண்டு இறுக்காவிட்டால், இறுகியதுபோலத் தெரியும், இறுகியிருக்காது. கழற்றிய நைலான் நட்டுக்குப் பதில் புதிது போடுங்கள். இறுக்கியபின் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்தால், தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். சில நூறு கிலோ மீட்டர் ஓடியதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வண்டிக்கு அடியில் போகும் முன் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. பின்பக்கத்தைத் தூக்கியபின் அது வண்டியை நிறுத்தாது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். ஹாலோ பிளாக் கல் வேண்டவே வேண்டாம். பாரம் ஏறினால் நொறுங்கும். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் மெக்கானிக்கிடமே விடுங்கள்.

இன்னொன்று. இந்தக் கம்பி சாய்வைத்தான் குறைக்கும், பாரம் தாங்காது. "பார் போட்டாச்சு, இன்னும் 10 தார் ஏத்தலாம்" என்று நினைக்காதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைதான் இப்போதும் அளவு.

மோட்டார், தெளிப்பான், வண்டி என்று எதைப் பற்றிய சந்தேகமானாலும் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். கோளாறு தொடங்குவதற்கு முன் கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பதில் சொல்ல எங்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.