பாங்காக் கனவு... எம்.சி. ரோடு நிஜம்! வடசென்னையில் ஒரு பெண்ணின் சோலோ ஷாப்பிங் டே

தாய்லாந்துக்கு சோலோ ட்ரிப் போன பெண்களின் ரீல்ஸ் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில் பாங்காக் பிரதுனாம் மார்க்கெட்டில் பை பையாகத் துணி, மதியம் கால் மசாஜ், சாயங்காலம் நகத்துக்கு கலர். பார்க்க ஆசையாக இருக்கும். பாஸ்போர்ட், லீவு, பணம் மூன்றும் ஒன்றாகக் கூடிவருவதுதான் கஷ்டம். அதைவிடக் கஷ்டம், 'கூட யார் வர்றா?' என்று வீட்டில் கேட்கும்போது 'யாரும் இல்லை' என்று சொல்வது.

வடசென்னை என்றால் அந்தக் கேள்வி இன்னும் சத்தமாக வரும். சினிமா புண்ணியத்தில், ராயபுரம் தாண்டினாலே பயம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், 2021-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டது. மே மாதம், சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசமானது. தனக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று நினைக்கும் பெண், யாருடைய பைக்கின் பின்சீட்டுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் ஸ்டாப், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. ராயபுரத்துக்குப் பக்கம்தான். இருபுறமும் துணிக்கடைகள். புடவை, சுடிதார், நைட்டி, பிளவுஸ் பிட், லைனிங் என எதைக் கேட்டாலும் 'உள்ள வாங்கக்கா' என்ற குரல் வரும். தீபாவளி நெருங்கினால் விடிய விடிய வியாபாரம் நடக்கும் தெரு இது. தனியாக வருகிறவர்கள் வார நாளில், காலை 11 மணி வாக்கில் வந்துவிடுவது நல்லது. சின்னக் கடைகளில் ட்ரையல் ரூம் எதிர்பார்க்க முடியாது. அளவு சரியாக இருக்கும் பழைய குர்தி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், புதியதன் மேல் வைத்துப் பார்த்தே வாங்கிவிடலாம். முதல் கடையிலேயே பர்ஸைத் திறக்காதீர்கள். நாலு கடை ஏறி இறங்கினால்தான் விலையின் நிஜ முகம் தெரியும். கூட வந்தவர் 'சீக்கிரம்' என்று முகம் சுளிக்காமல் அந்த நாலு கடையையும் நிதானமாக ஏறி இறங்குவது இருக்கிறதே... அதுதான் சோலோ ஷாப்பிங்கின் சுகம்!

துணிக்கும் இந்த ஊருக்கும் 300 வருடத்துக்கும் மேலான உறவு. கிழக்கிந்திய கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. மெட்ரோவில் வடக்கே போனால் வரும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் கோலட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். 'கோலட் பேட்டை'தான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது.

அடுத்து பார்லர். பாங்காக் மாதிரி தெருவுக்குத் தெரு கால் மசாஜ் கடையெல்லாம் இங்கே இல்லை. மாடிப்படி ஏறினால் திரை போட்ட ஒரு சின்ன ரூம், 'பெண்களுக்கு மட்டும்' போர்டு. பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு அக்கா புருவம் திருத்தும்போது கண்ணில் தண்ணீர் வரும். கடை கடையாக நடந்த காலுக்கு ஒரு பெடிக்யூர் போதும், பாதி அலுப்பு போய்விடும். உட்காரும் முன்பே ரேட் கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் தேவை. 'தாய்லாந்து க்ரீம், ஒரே வாரத்தில் வெள்ளையாகிடலாம்' என்று யார் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2023-ல் கேரளாவின் மலப்புரத்தில் பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம்களைப் பூசியவர்களுக்கு சிறுநீரகமே பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். வெளிநாட்டு க்ரீம் என்றால் லேபிளில் தயாரிப்பாளர் முகவரியும் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். இருக்கிற நிறத்துக்கு என்ன குறை?

வெயில் தாழ்ந்ததும் மெட்ரோ ஏறி, 2022-ல் திறந்த திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷனில் இறங்கலாம். மெட்ரோ ஸ்டேஷன்களில் கழிவறை இருப்பது, நாள் முழுக்க வெளியே சுற்றும் பெண்ணுக்கு ஷாப்பிங் ஆஃபரைவிடப் பெரிய விஷயம். பக்கத்திலேயே தியாகராஜ சுவாமி கோயில். அங்கே இருக்கும் அம்மன் பெயர் வடிவுடையம்மன். வடிவு என்றால் அழகு. பௌர்ணமி அன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் இந்த வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என ஒரே நாளில் மூவரையும் தரிசிக்கும் வழக்கம் இங்கே உண்டு. காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பும் பயணம் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதே இல்லை!

இங்குள்ள ஆதிபுரீஸ்வரருக்கும் ஓர் அழகு சிகிச்சை உண்டு. வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும் லிங்கத்தை, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமில்லாமல் பார்க்கலாம். அப்போது புனுகு, சாம்பிராணி தைலம் பூசுவார்கள். அந்த மூன்று நாளும் கூட்டம் அலைமோதும். எம்.சி. ரோடு பைகளை வீட்டில் வைத்துவிட்டு, தரிசனத்துக்குத் தனியாக இன்னொரு நாள் வருவதே உத்தமம்.