பார்க்காமல் திரும்பிய ஏரி

மணாலியில் டிரைவர் சொன்ன நேரம் அதிகாலை 4 மணி. நாங்கள் கிளம்பியது 7 மணிக்கு. ஆலு பராத்தா, இரண்டு சுற்று டீ, ஜீப்பின் கூரையில் கூடாரங்களைக் கட்டிய கயிறு போதுமா என்று ஒரு விவாதம். மூன்று மணி நேரம் எப்படியோ போயிற்று. லாஹௌல்காரரான டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டதோடு சரி.

2022 ஆகஸ்ட் கடைசி வாரம். நாங்கள் நான்கு பேர், ஒரே கல்லூரி விடுதியில் இருந்தவர்கள். போக வேண்டிய இடம் ஹிமாசலப் பிரதேசத்தின் சந்திரதால். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் பிறை வடிவில் கிடக்கும் ஏரி. 2005ல் ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம். விடியற்காலையில் அதன் கரையில் நிற்க வேண்டும் என்பது எங்களில் ஒருவனின் பல வருட ஆசை. வரைபடம் பார்த்ததும், ஜீப் பேசியதும், எங்கள் மூவரையும் லீவு போட வைத்ததும் அவன்தான்.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயின் சிரமத்தைப் போக்கிவிட்டது. 9 கி.மீ. இருட்டைக் கடந்தால் மறுபுறம் வேறு உலகம். மணாலியின் தேவதாரு மரங்கள் மறைந்து மொட்டை மலைகள் எழுகின்றன. கிராம்ஃபூ என்ற இடத்தில் லே சாலையை விட்டு ஸ்பிதி சாலையில் திரும்பினோம். பெயர்தான் தேசிய நெடுஞ்சாலை. நாங்கள் போனபோது பாறையும் கூழாங்கல்லும்தான் சாலை. பக்கத்தில் சந்திரா நதி சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டு கூடவே வந்தது. பாதல் வரை சுமார் 50 கி.மீ. தூரத்துக்கு எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று.

வழியில் வரும் முதல் ஊருக்குச் சத்ரு என்று பெயர். ஊர் என்றால் சில தாபாக்கள்தான். ஆனால் இந்தப் பாதையின் உண்மையான சத்ரு அதைத் தாண்டி வரும் ஓடைகள். மலை மேலுள்ள பனியாறுகள் உருகி வரும் நீர் பாதையின் குறுக்கே பாய்ந்து நதியில் விழுகிறது. இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் காலையில் கணுக்கால் அளவு. வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். பிற்பகலில் முழங்காலைத் தாண்டிவிடும். அதிகாலை 4 மணிக்கு அர்த்தம் அதுதான்.

பெரிய ஓடையை நாங்கள் அடைந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. முன்னால் போன ஒரு கார் நடுவில் சிக்கி நிற்க, கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிரைவர் இறங்கி, கரையோரம் நடந்து, தண்ணீர் அகலமாகப் பரந்து ஓடும் இடத்தைத் தேடினார். குறுகலான இடத்தில்தான் ஆழமும் இழுப்பும் அதிகம். பிறகு முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைத் தொடாமல், ஒரே வேகத்தில் ஜீப்பைக் கடத்தினார். கற்கள் அடியில் உருளும் சத்தம் காலில் உறைத்தது. நாங்கள் கைதட்டினோம். அவர் சிரிக்கவில்லை. "திரும்பி வருவதற்கும் இதே வழிதான், சாப்" என்றார்.

பாதலில் ராஜ்மா சாவல் சாப்பிட்டபோது நண்பன் தட்டைத் தள்ளி வைத்தான். "ஒண்ணுமில்லடா, லேசா தலைவலி. காபி குடிச்சா சரியாயிடும்." நம்பினோம், நம்ப விரும்பினோம். பாதலிலிருந்து ஏரிக்கு 14 கி.மீ. ஒற்றை வண்டித் தடம். எதிரே ஒரு ஜீப் வந்தபோது நாங்கள் பின்னோக்கியே வளைவு வரை போய் வழிவிட வேண்டியிருந்தது.

ஏரிக்கரையில் கூடாரம் போடத் தடை. சில கிலோமீட்டர் முன்பே உள்ள முகாமிடத்தில் இறங்கினோம். மாலை ஆறரை மணி. காங்க்ரா பக்கத்து இடையர்கள் ஆடுகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஏரியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கூடாரம் அடித்தோம், அடுப்பு மூட்டினோம். எட்டு மணிக்கு நண்பன் வாந்தியெடுத்தான். ஒன்பதரைக்கு மறுபடி. "காலையில சரியாயிடும், யாரும் பயணத்தைக் கெடுத்துக்காதீங்க" என்று போர்வைக்குள் சுருண்டான்.

டிரைவர் அவனை வெளியே அழைத்தார். பூட்ஸ் குதிகாலால் மண்ணில் நேராக ஒரு கோடு கிழித்தார். "இதன் மேல் நடங்கள், சாப்." மூன்றாவது அடியில் அவன் கோட்டை விட்டு விலகி, ஜீப்பைப் பிடித்துக்கொண்டான். குடித்தவனைப்போலத் தள்ளாட்டம்.

உயரத்தில் தலைவலியும் வாந்தியும் எச்சரிக்கை. தள்ளாட்டம் அபாயம், மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். அதற்கு முதல் வைத்தியம் கீழே இறங்குவது. மாத்திரையோ, கையில் எடுத்துப்போகும் ஆக்ஸிஜன் டப்பாவோ அதற்கு மாற்றல்ல. ஆனால் சத்ரு பக்கம் ஓடைகள் பெருகியிருக்கும் நேரம் அது. எட்டக்கூடியது பாதல் மட்டுமே. உயரத்தில் சுமார் 300 மீட்டர் குறைவு. சில சமயம் அதுவே உயிரைக் காக்கும்.

இருட்டில் அந்தத் தடத்தில் போவதா என்று ஒருவன் கேட்டான். "பகலில் பள்ளம் தெரியும், இரவில் தெரியாது. அவ்வளவுதான்" என்றார் டிரைவர்.

கூடாரங்களை முகாம்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். மோசமான வளைவுகளில் நானும் இன்னொருவனும் டார்ச்சுடன் முன்னால் நடந்தோம். பின் ஸீட்டில் நண்பன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். நள்ளிரவுக்கு மேல் பாதல். தாபாவின் கல்சுவருக்குள் ரஜாய் போர்த்தி அவனை உட்கார வைத்து, தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்தோம். ஐந்து மணிக்கு வெளிச்சம் வந்ததும் ஜீப் புறப்பட்டது. நேற்று பயமுறுத்திய ஓடை காலடியில் சலசலத்தது. சத்ருவில் நண்பன் தானே இறங்கி நடந்தான். நேராக.

எங்கள் தவறு ஓடையோடு முடியவில்லை. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நாங்கள் சுமார் 2,050 மீட்டர் உயர மணாலியிலிருந்து ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறியிருந்தோம். சிம்லா, கல்பா, தாபோ, காஸா என்று ஒவ்வோர் ஊராகத் தங்கி, குன்ஸும் கணவாய் வழியே வந்தால் பல நாட்கள் ஆகும். உடம்பு பழக அந்த நாட்கள் வேண்டும். சுரங்கப்பாதை மிச்சப்படுத்தும் நேரம் உடம்புக்குத் தெரியாது. வானிலையும் யாரையும் கேட்பதில்லை. 2023 ஜூலையில் திடீர்ப் பனிப்பொழிவில் இங்கே ஏறத்தாழ 300 பேர் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள்.

மணாலியில் பிரியும்போது டிரைவரிடம் கேட்டேன், தலைவலி என்று அவன் சொன்னபோதே பாதலில் ஏன் நிறுத்தவில்லை என்று. "உங்கள் நண்பர் உங்களிடம் சொன்னார், சாப். என்னிடம் யாரும் சொல்லவில்லையே" என்றார்.

நண்பன் இப்போது சிம்லா வழியாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான். இந்த முறை லீவு பத்து நாள்.