மணைப்பலகை மேல் நின்று மாவரைக்கும் வீடு

வீட்டில் ஏதாவது நின்றுபோனால்தான் எலக்ட்ரீசியனைத் தேடுகிறோம். ஃபேன் சுற்றவில்லை, மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை, பாதி வீட்டில் கரண்ட் இல்லை. மயிலாடுதுறையில் நான் கூடவே சுற்றிய வயர்மேனுக்கு வரும் போன்களும் அப்படித்தான். ஆனால் போன வீட்டில் எது ஓடவில்லை என்பதைவிட, எது எப்படி ஓடுகிறது என்பதில்தான் அவருக்குக் கண். அரசு நடத்தும் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதித் தேறியவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஐப்பசி பிறந்தால் அவரைப் பிடிக்க முடியாது. சுவரெல்லாம் ஊறிக் கிடக்கும். காவிரியில் நீராடும் கடைமுழுக்குக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வேறு வருவார்கள்.

அன்று போனது ஒரு பழைய ஓட்டு வீடு. கூடத்து டியூப்லைட் மினுக்குகிறது என்று புகார். ஸ்டார்ட்டரை மாற்றும் வேலையை உடன் வந்த பையனிடம் விட்டுவிட்டு, அவர் அடுக்களையை எட்டிப் பார்த்தார். கிரைண்டருக்கு முன்னால் ஒரு மணைப்பலகை கிடந்தது.

“இது எதுக்கும்மா இங்க?”

“வெறுங்காலோட நின்னா சுர்ருங்குது தம்பி. பலகை மேல நின்னுக்கிட்டா ஒண்ணும் தெரியாது.”

அவர் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பை எடுத்தார். பிளக் பாயின்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், அதுவும் பளிச். “பாத்தீங்களா, எர்த் ஜோரா இருக்குன்னு சொல்லுது” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பின் அர்த்தம் அப்போது புரியவில்லை.

மெயினை இறக்கினார். இறக்குவதற்கு முன்னால் டெஸ்டரை ஒரு முறை வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். இறக்கிய பின் மறுபடி வைத்தார். டெஸ்டரே கெட்டுப் போயிருந்தால், எரியாததை நம்பிக் கை வைப்பவன் கதை முடிந்தது. பிறகு போர்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். எர்த் முனையில் வர வேண்டிய பச்சை வயரைக் காணோம். நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குல நீளத்தில் ஒரு சிவப்பு வயர்த் துண்டு போயிருந்தது.

“லூப் அடிச்சு வச்சிருக்கான்.”

எர்த் இல்லாத வீட்டில் ஷாக் புகாரை அன்றைக்கு அடக்கிவிட்டுப் போகச் சிலர் செய்யும் வேலை இது. கிரைண்டர் உடம்பில் கசியும் மின்சாரம் நியூட்ரல் வழியாகப் போய்விடும். பல்பும் எர்த் இருப்பதாகவே காட்டும். ஆனால் அந்த நியூட்ரல் எங்கேயாவது லூசாகிக் கழன்றால்? ஃபேஸ் மோட்டார் சுற்று வழியாக வந்து, போக வழியில்லாமல், அந்தத் துண்டு வயரேறி கிரைண்டரின் இரும்பு உடம்புக்கே வந்து நிற்கும். முழு 230 வோல்ட். அப்போது ‘சுர்’ என்று எச்சரிக்கக்கூட எதுவும் இருக்காது. அந்த நியூட்ரல் ஸ்க்ரூ ஏற்கெனவே விரலால் திருகும் அளவுக்கு லூசாகத்தான் இருந்தது.

துண்டை வெட்டிவிட்டு மெயினைப் போட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் பல்பை வைத்தார். எரியவே இல்லை. கொல்லையில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் எர்த் பைப் இருந்தது. கிளாம்பில் கம்பி துருப்பிடித்து உதிர்ந்து, பைப் மட்டும் தனியாக நின்றது.

“இப்போதைக்கு அந்த ஒட்டு வயரையே போட்டு விடேன் தம்பி.”

“போட மாட்டேம்மா. கிரைண்டரையும் தொடாதீங்க.”

“அப்ப ஆட்டுக்கல்லுல ஆட்டச் சொல்றியா?”

இந்தத் தொழிலில் பாதித் திறமை ‘மாட்டேன்’ என்று சொல்வதில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது, தடித்த கம்பியாகக் கட்டு என்பார்கள். மழை நாளில், கசிவு தெரிந்தால் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது, அதைத் தூக்கிவிட்டு நேராகக் கொடு என்பார்கள். ஆர்சிசிபி விழுவது அதன் கோளாறல்ல. எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. அவர் லைனுக்கு ஒன்றாக இருக்கும் எம்சிபி சுவிட்சுகளை எல்லாம் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றுவார். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனைப் பிடித்துக்கொண்டு போனால், பெரும்பாலும் தண்ணீர் இறங்கிய வாசல் விளக்கிலோ மோட்டார் பெட்டியிலோ போய் நிற்குமாம்.

வீட்டுக்காரர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டேன். பல்பு மாற்றலாம், பிளக்கைப் பிடுங்கலாம், மெயினை இறக்கலாம், மாதம் ஒரு முறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கலாம். அதோடு சரி. லேசான ஷாக், தொட்டால் சுடும் சுவிட்ச், பிளக் பாயின்டைச் சுற்றிப் பழுப்பேறிய வட்டம், சமைக்காத நேரத்தில் மீன் வாடை போல ஒரு நாற்றம் (சில பிளாஸ்டிக் சூடேறினால் அப்படித்தான் நாறும்) என்றால் ஆளைக் கூப்பிட வேண்டும். மூன்று ஃபேஸ் வீட்டில் ஓர் அறை விளக்கு கண்ணைக் கூசவைத்து, இன்னோர் அறையில் அழுது வடிந்தால் யோசிக்கவே கூடாது. நியூட்ரல் போயிருக்கும், மெயினை இறக்கிவிட வேண்டியதுதான். மீட்டருக்கு வெளியே உள்ளது மின்வாரியத்தின் பாடு. அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கமே போகாமல் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லிவிட வேண்டும்.

புது எர்த்தும் ஆர்சிசிபியும் போட வேண்டும் என்று வயர்மேன் சொன்னதும், சென்னையிலிருந்த மகனுக்கு போன் போட்டுக் கொடுத்தார் அந்த அம்மா. “ஓடுற கிரைண்டருக்கு எதுக்குங்க இவ்வளவு செலவு? எம்சிபிதான் இருக்கே?” என்பது மகனின் கேள்வி. வயர்மேன் பொறுமையாகச் சொன்னார்: எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளை அல்ல. 60 வாட் குண்டு பல்பு இழுப்பதில் பாதி போதும், ஓர் உயிர் போக. 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது உறைக்கவே உறைக்காது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான் அதற்கு விழும்.

இரண்டுக்கும் சேர்த்து இப்போது முடியாது என்றார் மகன். “அப்ப ஆர்சிசிபியை இந்த வாரமே போட்டுடலாம் சார். எர்த் இல்லாட்டியும், ஆள் மேல பாஞ்சா அது விழும். எர்த்துக்குப் பள்ளம் மழை விட்டதும் வெட்டிக்கலாம், இப்ப வெட்டினா தண்ணிதான் நிக்கும். அதுவரைக்கும் கிரைண்டர் ஓடாது. அம்மாவுக்குக் கடை மாவு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க.”